சுண்ணாம்பு சாரும் உப்பிய ஹாலும்

விழுப்புரம் தொடங்கித் திண்டிவனம் வரை உள்ள வெற்றிலைக் கடைகள் அத்தனையும் சேர்ந்து செலவழித்த சுண்ணாம்பைவிட, சுண்ணாம்பு சார் ஒருவர் மண்ணில் கொட்டிய சுண்ணாம்பு அதிகம்.

விழுப்புரத்தில் நான் டைப்பிஸ்டாக இருந்த மண் பரிசோதனைக் கூடத்தில் அவர்தான் இன்ஜினியர். வீடு கட்டப்போகிறவர்கள் மனை மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு வருவார்கள். கறுப்புக் களிமண் என்றால் அவர் முகம் மலர்ந்துவிடும்.

"இந்த மண்ணு, மாமியார் வூட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரிங்க. தண்ணி பட்டா உப்பிக்கினு நிக்கும். காஞ்சா வெடிக்கும். சுண்ணாம்பு கலந்து இடிச்சி வுட்டீங்கன்னா, அப்புறம் வாயே தொறக்காது."

மருந்து நல்ல மருந்துதான்; பல வீடுகள் அதனால் பிழைத்தன. வைத்தியரைத்தான் தாங்க முடியாது. புதுமனைப் புகுவிழாவுக்குக் கூப்பிட்டால் பரிசு கொண்டுவர மாட்டார், பென்சில் கொண்டுவருவார். பக்கத்து ஊரான காணையில் ஒரு வீட்டில் பந்திக்கு உட்காருமுன், பூஜை அறைச் சுவரில் முடியளவு விரிசலைக் கண்டுபிடித்துக் குறுக்கே கோடு இழுத்து, தேதியும் எழுதிவிட்டார்.

"இன்னாங்க சார், நல்ல நாளும் அதுவுமா!" என்று பதறினார் வீட்டுக்கார அம்மாள்.

"நல்ல நாளைத்தாம்மா எழுதியிருக்கேன். அடுத்த மழைக்குக் கோடு ரெண்டா பிரிஞ்சா போன் பண்ணுங்க" என்றவர், வடைக்குக் கை நீட்டினார்.

இப்படிப்பட்டவரிடம் தெரிந்தே போய் விழுந்தவன் நான். திண்டிவனத்தில் வாங்கிய மனையின் மண்ணைக் கொண்டுவந்து கொடுத்தேன். கூடத்தில் கெமிஸ்ட்டாக இருந்த ரெஜினா மட்டும் தயங்கினாள்.

"சார், இதுல சல்பேட் உப்பு இருக்குதான்னு பாத்துடலாம். இருந்துச்சின்னா, சுண்ணாம்போட சேந்து இன்னும் உப்பும்."

"ஏம்மா, எனக்கே சுண்ணாம்புப் பாடமா?"

ஊருக்கெல்லாம் டெஸ்ட் டெஸ்ட் என்று உயிரை எடுப்பவர், என் மனைக்கு மட்டும் டெஸ்ட் வேண்டாம் என்றார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். அவர் சொன்னபடியே மண்ணில் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பைக் கலந்து இடித்து, அதன்மேல் வீட்டைக் கட்டினேன்.

குடிபோன வருடம் முதல் பெரிய மழை. நாலே வாரத்தில் ஹால் நடுவில் தரை பூரிபோல எழும்பியது. டைல்ஸ் பட்பட்டென்று தெறித்தன. கட்டிலுக்கு ஒரு கால் அந்தரத்தில் நின்றது. வாசல் கதவு தரையில் சிக்கிக்கொண்டதால் எங்கள் போக்குவரத்தெல்லாம் பின்பக்கம் வழியாக. இருபது வருட உழைப்பு இப்படி உப்பிக் கிடப்பதைப் பார்த்து என் மனைவி அழுதாள். வீட்டைக் கட்டிய கொத்தனார் வீடியோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார்.

தகவல் தெரிந்து ரெஜினா அந்த மண்ணைச் சோதித்தாள். சல்பேட் ஏகத்துக்கும் இருந்தது. ரிப்போர்ட்டைக் கையில் பிடித்தபடி சுண்ணாம்பு சார் வந்து, குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார்.

"இன்னா சார், சுண்ணாம்பு துன்னா தரைகூட பெருத்துடுமா?" என்றார் கொத்தனார்.

"தப்பு என்னுதுப்பா. அந்தப் பொண்ணு சொல்லிச்சி, நான் கேக்கல." தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "ம், இதையும் வீடியோ எடு."

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கடப்பாரையோடு வந்துவிட்டார். ஆட்களோடு ஆளாக லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு நாள் தோண்டினார். பழைய மண் முழுக்க வெளியே போய், கிராவல் உள்ளே வந்தது. மூச்சு வாங்க அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டபோது, "தண்ணி பட்டா உப்பிடுவீங்களே" என்றாள் என் மனைவி. ஆனாலும் சொம்பை நீட்டினாள்.

இதோடு மனிதர் அடங்கியிருக்க வேண்டுமே! வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம டைப்பிஸ்ட் வூட்டுல நான் ஒரு முட்டாள்தனம் பண்ணேன் பாருங்க" என்றே பேச்சைத் தொடங்கினார். ஒருநாள் இன்ஜினியரிங் மாணவர்களை வேனில் ஏற்றிவந்து, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஹாலைச் சுற்றிக் காட்டினார். ஒரு பையன் எங்கள் சாம்பாரையும் சேர்த்துப் படம் எடுத்தான்.

இப்போது ரிட்டையர் ஆகிவிட்டார். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் முதல் மழைக்கு, விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி, தரை மட்டம் பார்க்கும் ரசமட்டத்தோடு வந்துவிடுகிறார். அதைத் தரையில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்க்கிறார்.

வானம் இருட்டத் தொடங்கினாலே, என் மனைவி ஒரு ஆழாக்கு அரிசியைக் கூடுதலாகக் களைந்து வைக்கிறாள்.