டக்-டக் ஒழிப்புக் குழு

சக்கரத்தைக் கண்டுபிடித்ததுதான் மனித குலத்தின் மாபெரும் சாதனை என்று படித்தவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், அவர்கள் கிர்கிஸ் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் கோக்-புலாக் கிராமத்துப் பக்கம் வந்ததில்லை. சக்கரத்தை எவன் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். நாற்பது வருஷமாக நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சக்கரத்தை, வெளி மெக்கானிக் ஒருவரின் விரல்கூடப் படாமல், ஊரே கூடி 'மேம்படுத்தி'க் காட்டத் தனி அறிவு வேண்டும். அந்த வரலாற்றை எழுதும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. கிராம அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் தீர்மானம் எழுதிய கை இது. தவறாக எழுதாது. வேண்டாததை எழுதாமலும் விடும்.

ஜுமாதில் அண்ணன் என் பெரியப்பா மகன். அவரிடம் சோவியத் காலத்து ஜீப் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஜூன் மாதமும் புருல்சா அண்ணியின் கம்பளிக் கூடாரம், இரும்பு அடுப்பு, பால் பானை எல்லாவற்றையும் அதில் ஏற்றிக்கொண்டு, கணவாய் தாண்டி மேட்டு மேய்ச்சலுக்குப் போவார்கள். ஒன்பது ஆடுகளும் பின்னால் நடந்து வரும். செப்டம்பரில் இறங்குவார்கள். கீழே ஒன்பது மாதம் எங்கள் எல்லோருடனும் சண்டை போடும் அண்ணி, மேலே போனதும் பாட்டுப் பாடுவார். அந்த மூன்று மாதத்துக்காகத்தான் மீதி வருஷத்தைத் தள்ளுகிறேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இந்த வருஷம் மே மாதக் கடைசியில் அண்ணன் ஜீப்பை வெளியே எடுத்தபோது, மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்பக்கத்தில் 'டக்-டக்' என்று ஒரு சத்தம்.

"சத்தம்தானே? கூடவே வரட்டும். பேச்சுத் துணைக்கு ஆச்சு," என்றார் அண்ணி.

"ஞாயித்துக்கிழமை நானே படுத்துப் பாத்துக்கறேன்," என்றார் அண்ணன்.

இந்தச் செய்தி கோச்கோர்பாய் பெரியவர் காதுக்கு எட்டியது. கூட்டுப்பண்ணையில் பதினெட்டு வருஷம் டிராக்டர் ஓட்டியவர். நேராக வந்து வாசலில் நின்றார்.

"ஏண்டா ஜுமாதில், தனியா படுத்துப் பாக்கப் போறியாமே? ஊர்ல நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்? அஷர் கூப்புடுறா!"

ஒருவர் வேலையை ஊரே சேர்ந்து செய்து கொடுப்பதுதான் அஷர். கூலி கிடையாது, சாப்பாடு மட்டும். சாப்பாடு என்றால் ஓர் ஆடு. எங்கள் ஊரில் வீடுகள் எழும்பியதும் வாய்க்கால் வெட்டியதும் அஷரால்தான். ஜீப்புக்கு அஷர் கூப்பிட்டது உலகத்திலேயே இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பெரியவர் சொல்லை அண்ணன் எப்படித் தட்டுவார்? பட்டிக்குப் போனார்.

முதல் அஷருக்குப் பதினான்கு பேர் வந்தோம். ஸ்பேனர் இரண்டு இருந்தது. மீதிப் பன்னிரண்டு பேரும் யோசனை சொன்னோம். 'டக்-டக் ஒழிப்புக் குழு' அங்கேயே அமைக்கப்பட்டது. நான் செயலாளர். முதலில் சோதனை ஓட்டம். பெரியவர் முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். பின் சீட்டில், சத்தத்துக்கு மிக அருகில், நான். ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். 'சத்தம் உறுதி செய்யப்பட்டது' என்று எழுதினேன்.

கொப்பரைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த அண்ணி எழுந்து வந்தார். "சீட்டுக்கு அடியில எதாவது உருளுதான்னு பாத்தீங்களா?"

எல்லோரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தோம்.

"அம்மா, இது இன்ஜினியரிங்," என்றார் பெரியவர். "நீ கறி வெந்துச்சா பாரு."

'மகளிர் தரப்புக் கருத்து நன்றியுடன் பெறப்பட்டது' என்று பதிவு செய்தேன்.

எங்கள் விருந்தில் யாருக்கு எந்த எலும்பு என்பதற்கு ஒழுங்கு உண்டு. மரியாதையில் முதல் ஆளுக்கு இடுப்பெலும்பு. அடுத்தவருக்குத் தொடை. அப்படியே இறங்கி இறங்கி, பொடிப்பயல்களுக்குக் காது. தொழில்நுட்பக் கருத்து வேறுபாடுகளையும் குழு இந்த முறையிலேயே தீர்த்தது. கையில் இடுப்பெலும்பு இருக்கிறவர் சொல்வதே சரி. இடுப்பெலும்பு பெரியவரிடம் இருந்தது. கோளாறு கியர் பாக்ஸில் என்றார். கியர் பாக்ஸைக் கழற்றினோம். அதில் ஒரு கோளாறும் இல்லை. திரும்ப மாட்டியதும் மூன்று போல்ட் மிஞ்சியது.

"செஞ்சவன் தேவைக்கு மேல போட்டு அனுப்பியிருக்கான்," என்றார் பெரியவர். "வண்டிக்கு எடை குறைஞ்சுது."

கடைசியில் இரு கையும் ஏந்தி கியர் பாக்ஸுக்கு ஆசி வழங்கினார். நாங்களும் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் காலை ஜீப் டக்-டக் என்றது.

இரண்டாவது அஷரில் பின் அச்சு. மூன்றாவதில் ஸ்பிரிங் பட்டைகள். எல்லாவற்றையும் கழற்றினோம், எல்லாவற்றிலும் ஏதோ மிஞ்சியது. ஜூன் முடிந்தது. மற்றவர்களின் கூடாரங்கள் எல்லாம் மேலே போய்விட்டன. அண்ணி ஒவ்வொரு சாயங்காலமும் கணவாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்குக்கூடக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. சூப் நன்றாக இருந்ததால் தாங்கிக்கொண்டேன்.

நான்காவது அஷரில்தான் நவீன யுகம் பிறந்தது. பெரியவரின் பேரன் உலான் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஒரு போனோடு வந்து இறங்கினான். உலகம் முழுக்க ஆட்கள் தங்கள் பழைய ஜீப்புகளை என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று படம் போட்டுக் காட்டினான். போன வருஷம் வரை விருந்துகளில் காது தின்றுகொண்டிருந்தவனுக்கு அன்று தோள்பட்டை எலும்பு வழங்கப்பட்டது.

"ரிப்பேர் பண்றதெல்லாம் பழங்காலம், மாமா," என்றான் என்னிடம். "இப்பல்லாம் 'அப்கிரேடு'தான்."

வெல்டிங் வைத்து ஜீப்பை ஒரு முழம் உயர்த்தினான். அண்ணி ஏற முக்காலி தேவைப்பட்டது. பிறகு இன்ஜினிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, கண்ணாடி ஓரமாகக் கூரைக்கு மேலே போய் நின்றது.

"டேய், அது என் அடுப்புக் குழாய்டா!"

"இப்ப அது மூச்சுக் குழாய், அத்தை. ஆத்துல கழுத்தளவு தண்ணி வந்தாலும் வண்டி மூச்சு விட்டுக்கிட்டே போகும்."

"நம்ம ஆத்துக்குப் பாலம் இருக்கேடா."

"பாலம் உடைஞ்சுதுன்னா?"

"உடைஞ்சா அதுக்கும் ஒரு அஷர் வைப்பீங்க. திங்கறதுக்கு ஆடு இருக்கணுமே!"

ஐந்தாவது அஷரில் கூரைக்கு மேல் சாமான் தாங்கி. கடையில் வாங்கினால் செலவு. கூடாரக் கழிகளில் நாற்பதை அறுத்து, கயிறு போட்டுக் கட்டினோம். பார்க்க மிக அழகு. ஆறாவதில் உலான் வெளிநாட்டு ரகசியம் ஒன்றைச் சொன்னான்: 'ஒலித்தடுப்பு'. கூடாரத்துக் கம்பளியை வெட்டி, பின் சீட்டை மூடித் தரை வரைக்கும் ஒட்டினோம். சோதனை ஓட்டத்தில் டக்-டக் கேட்கவில்லை. 'தொப்-தொப்' என்றுதான் கேட்டது. இந்த முன்னேற்றத்தைக் கொண்டாட அன்றைக்கே இன்னோர் ஆடு.

ஸ்பேனர் சத்தம் கேட்டாலே மிச்ச இரண்டு ஆடுகளும் பட்டி மூலைக்கு ஒதுங்கின. அண்ணன் கத்தியும் கையுமாக அவற்றின் முன்னால் நெடுநேரம் நிற்பார். "ஊரைப் பகைச்சுக்க முடியுமா?" என்று ஆட்டிடம்தான் கேட்டாரா, என்னிடம் கேட்டாரா, தெரியவில்லை. முடியாது என்று நான்தான் சொன்னேன்.

ஏழாவது அஷர் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் நடந்தது. பெரியவர் இடுப்பெலும்பைத் துடைத்து வைத்துவிட்டு அறிவித்தார்: "வண்டி தயார். எந்த மலையும் ஏறும். புருல்சா, சாமானை ஏத்தும்மா!"

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எதை ஏத்தச் சொல்றீங்க? கூடாரத்துக் கம்பளி கீழ ஒட்டியிருக்கு. கழி கூரை மேல இருக்கு. அடுப்புக் குழாய் மூக்கு வழியா போகுது. என் கூடாரம் மொத்தத்தையும் வண்டிக்குத்தான் கட்டி விட்டிருக்கீங்க. மேலே போய் எதுல படுக்க? எதை மேய்க்க? பட்டியில ஒரே ஒரு கிழட்டு ஆடு நிக்குது."

"அதைத்தான் நானும் யோசிச்சேன்," என்றார் பெரியவர். "ஒண்ணை வெச்சுக்கிட்டு என்ன மேய்க்கிறது? வெற்றி விழாவுக்கு..."

குழு ஒருமனதாகப் பட்டியைப் பார்த்தது. அண்ணன் முதல் தடவையாகப் பட்டி வாசலை மறித்து நின்றார்.

அண்ணி முக்காலியை இழுத்துப் போட்டு ஜீப்பில் ஏறினார். பின் சீட்டின் மேலிருந்த கம்பளியைப் பரக்கென்று கிழித்தார். சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். வெளியே வந்த கையில் ஓர் எலும்பு இருந்தது. காய்ந்து பழுப்பேறிய ஆட்டுத் தொடையெலும்பு, நுனியில் பல் பதிந்திருந்தது. அதைத் தகரத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

டக். டக்.

எல்லோரும் தரையைப் பார்த்தோம். பெரியவர் தாடியில் எதையோ தேடினார். உலான் போனை எடுத்துப் பார்த்தான்.

அண்ணி இறங்கி வந்து அந்த எலும்பை என் உள்ளங்கையில் வைத்தார். "போன செப்டம்பர்ல இறங்கி வர்றப்ப, இந்தச் சீட்டுல உக்காந்து இதைக் கடிச்சுக்கிட்டு வந்தது யாரு, கொழுந்தனாரே? இதையும் தீர்மானத்துல எழுதிக்குங்க."

பிறகு பட்டிக்குப் போய்க் கிழட்டு ஆட்டை அவிழ்த்துக்கொண்டு கணவாய்ப் பக்கம் நடந்தார்.

"எங்க போற?" என்றார் அண்ணன்.

"மேலே. தங்கச்சி கூடாரத்துல ஒரு பத்து நாளாவது மூச்சு விட்டுட்டு வரேன். எனக்குக் குழாய் வேணாம்."

அண்ணன் ஜீப் சாவியைப் பெரியவர் கையில் வைத்துவிட்டு, அண்ணி பின்னால் நடந்தார்.

குழுவின் தீர்மானங்கள் மொத்தம் இருபத்தேழு பக்கம். என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. சத்தத்தின் காரணம் 'தீவிர ஆய்வுக்குப் பின் கண்டறியப்பட்டது' என்று முடித்திருக்கிறேன். விடுபட்டது ஒரே ஒரு வரி. முதல் நாள் சோதனை ஓட்டம் முடிந்து வண்டி வாசலில் நின்றதுமே அந்த எலும்பு உருண்டு வந்து என் குதிகாலில் இடித்தது. குனிந்து பார்த்தேன். என்னுடையதுதான் என்று தெரிந்தது. காலால் உள்ளே தள்ளிவிட்டு நிமிர்ந்தேன். கொப்பரையில் தண்ணீர் அப்போதுதான் கொதிக்க ஆரம்பித்திருந்தது.