டிராயிங்கின் மூலையில் ஒரு வரி

கொளஞ்சியப்பன் கடையில் போட்டிருந்த நாற்காலியில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுப்பிவிட இன்னொரு ஆள் வேண்டும். விடிந்ததிலிருந்து சூளைக்குள் குனிந்து, டீ கப் நிரப்பிய மண்பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிவிட்டு வந்திருந்தான். இடுப்பில் யாரோ கடப்பாரையைச் சொருகிவிட்டு எடுக்க மறந்துபோனது போல இருந்தது.

"ஒக்காருங்க," என்றார் கம்ப்யூட்டர் கடை வெங்கடசுப்ரமணியன்.

"பரவால்லைங்க. நின்னாதான் சொகம்."

"பொண்ணு என்ன படிக்குது?"

"பாலிடெக்னிக்குங்க. மெக்கானிக்கலு, கடைசி வருசம். மெஷினு படம் போடுற சாப்ட்வேரு ஒண்ணு வேணுமாம். காலேஜுல நாலு பேருக்கு ஒரு கம்ப்யூட்டராம். அதுலயும் மவுசு வேலை செய்யாதாம்."

"கம்பெனிக்காரங்க வாங்குறது லட்சத்துக்கு மேல போகும். உங்களுக்கு ஸ்டூடண்ட் வெர்ஷன் போதும். அதுல ரெண்டு இருக்கு. ஒண்ணு எட்டாயிரம், இன்னொண்ணு நாலாயிரம்."

"ரெண்டுக்கும் என்னாங்க வித்தியாசம்?"

"நாலாயிரம்," என்றவர், கொளஞ்சியப்பன் சிரிக்காததைப் பார்த்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். ஏதோ பல்சக்கரப் படம். கீழ் மூலையில் இங்கிலீஷில் ஒரு வரி.

"சின்ன வெர்ஷன்ல எந்தப் படம் போட்டாலும் இந்த வரி தானா வந்துடும். 'மாணவர் பயிற்சிக்கு மட்டும், விற்பனைக்கு அல்ல.' அழிக்க முடியாது. பெரிய வெர்ஷன்ல வராது. அதுல பொண்ணு வெளி வேலை புடிச்சு நாலு காசு பாக்கலாம்."

நாலு காசு என்ற இடத்தில் கொளஞ்சியப்பனுக்கு இடுப்பு வலி கொஞ்சம் விட்டது. சட்டைப் பையில் எட்டாயிரம் இருந்தது. வேலை பார்க்கும் பீங்கான் யூனிட்டில் வாங்கிய அட்வான்ஸ். ஆபீஸில் கணக்கு பார்க்கும் கோமளம் எண்ணிக் கொடுத்தபோது முதலாளி பழமலைநாதன் பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார்: "வாரக் கூலியில புடிக்க வேணாம்மா. பொண்ணு படிப்பு முடியட்டும். கொளஞ்சி எங்க ஓடிடப்போறான்."

"வூட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்து பெருசையே வாங்கிக்கிறேங்க," என்று கிளம்பினான்.

அங்கேயே வாங்கியிருக்கலாம். வழியில், பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் சேரன் கூப்பிட்டுவிட்டான்.

"எட்டாயிரமா? உனக்கு புத்தி கித்தி இருக்குதாண்ணே? அதே சாப்ட்வேரு எங்கிட்ட பென்டிரைவுல இருக்குது. லட்ச ரூபா வெர்ஷனு. முந்நூறு குடு, ஏத்தித் தரேன்."

லட்ச ரூபாய்ப் பொருள் முந்நூறுக்குக் கிடைக்கும்போது எட்டாயிரம் கொடுப்பவன் முட்டாள் என்று கொளஞ்சியப்பனுக்கும் தோன்றியது.

வீட்டிலிருந்த லேப்டாப் இரவல். மனைவி அமுதவள்ளியின் அண்ணன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. சேரன் அதில் ஏற்றினான். முதல் நாள் வட்டம் வட்டமாகவே வந்தது. மறுநாள் காலை லேப்டாப்பைத் திறந்தபோது திரை சிவப்பாக இருந்தது. பென்டிரைவோடு வந்த வைரஸ் உள்ளே இருந்ததையெல்லாம் பூட்டிவிட்டது. அண்ணன் மகளின் மஞ்சள் நீராட்டு விழாப் போட்டோக்களும் சேர்த்து.

விஷயம் தெரிந்து அண்ணன் பெண்டாட்டி வந்தாள். வாசலில் நின்றபடியே பேசினாள். தெருவில் நாலு வீடு கதவைத் திறந்து கேட்டது.

"சடங்கு மறுபடியும் நடத்த முடியுமா? சொல்லுங்க, எம்மவ மறுபடியும் வயசுக்கு வருவாளா?"

கொளஞ்சியப்பன் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெங்கடசுப்ரமணியனிடமே போனான். போட்டோக்களை மீட்டு, புதிய டிஸ்க் போட மூவாயிரத்து ஐந்நூறு ஆயிற்று. சேரனிடம் முந்நூறைத் திருப்பிக் கேட்டதற்கு, "ஓடுன ஒரு நாளுக்கு நான் வாடகை கேட்டனா?" என்றான்.

"மிச்சம் நாலாயிரத்து இருநூறு," என்றார் வெங்கடசுப்ரமணியன். "அப்ப சின்ன வெர்ஷன்தான்."

அமுதவள்ளி சமாதானம் சொன்னாள். "வரி வந்தா வந்துட்டுப் போவுது. அதுக்குன்னு வாத்தியாரு மார்க் போட மாட்டாரா?"

"மார்க்கு போடுவாரு. நாலு காசு வராது."

"இப்ப மட்டும் எங்க வருது?"

மீதி இருநூறுக்கு இடுப்புக்குத் தைலம் வாங்கினான்.

சாப்ட்வேர் ஓடியது. ஆனால் ஓட ஓட லேப்டாப் சூளையாகச் சுட்டது. கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்தும் போனது. வீட்டில் இருந்த ஒரே மேஜை விசிறியை மகள் பூங்கோதை லேப்டாப் பக்கம் திருப்பி வைத்தாள். கொளஞ்சியப்பன் பகலெல்லாம் ஒரு சூளையில் வெந்துவிட்டு, வந்து இன்னொன்றுக்குப் பக்கத்தில் காற்றில்லாமல் படுத்தான்.

"என்னா படம் பாப்பா போடுற?"

"முடிச்சிட்டு சொல்றம்ப்பா. ஒரு பெட்டி எவ்ளோ கனம் இருக்கும்?"

"உங்கம்மாவைவிடக் கொஞ்சம் கம்மி."

அமுதவள்ளி அடுப்படியில் ஒரு கரண்டியை வைத்தாள். சத்தம் கேட்கிற மாதிரி வைத்தாள்.

ஒரு சனிக்கிழமை பூங்கோதை யூனிட்டுக்கே வந்தாள். டேப் பிடித்து சூளை வாயை அளந்தாள், அப்பா குனிவதையும் நிமிர்வதையும் செல்போனில் எடுத்தாள். பழமலைநாதன் பக்கத்தில் வந்து நின்று நிறைய கேள்வி கேட்டார். அவளுக்குப் பீங்கான் கப்பில் டீ வரவழைத்தார். அந்தக் கப்பைச் சுட்ட கொளஞ்சியப்பனுக்குப் பேப்பர் கப்பில் வந்தது. அவனுக்கு அதுவே பெருமையாக இருந்தது. கூட லோடு ஏற்றுகிறவர்களிடம், "பாத்தியா, எம் பொண்ணுகிட்ட மொதலாளி நின்னுகிட்டுப் பேசுறாரு," என்றான்.

புராஜெக்ட்டுக்கு முதல் மார்க் வந்தது. பூங்கோதை ஒரு கோப்பையோடு வீட்டுக்கு வந்தாள். பிளாஸ்டிக் கோப்பைதான்.

"இப்பவாவது சொல்லு, என்னா படம்?"

"கொஞ்ச நாள் பொறுப்பா. நேர்லயே பாப்ப. உன் இடுப்பு வலிக்கு மருந்து," என்று சிரித்தாள்.

கல்லூரி முடிந்த மாதம், ஒரு திங்கட்கிழமை காலை கொளஞ்சியப்பன் யூனிட்டுக்குள் நுழைந்தபோது சூளை வாயில் தண்டவாளம் போட்டிருந்தது. அதன்மேல் இரும்பு வண்டி ஒன்று. பட்டனை அமுக்கினால் தட்டு மேலே போகிறது, கீழே வருகிறது, பெட்டிகளோடு உள்ளே நகர்கிறது. வெல்டிங்காரர் ஒருவர் அதன் பக்கவாட்டில் மஞ்சள் பெயிண்டால் பெரிய பெரிய எழுத்தில் இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்தார்.

கொளஞ்சியப்பனுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த வரி தெரியும்.

"இது என்னாண்ணே எழுதுறீங்க?"

"கம்பெனி பேரு போலருக்குது. டிராயிங்குல மூலையில இருந்துச்சு. டிராயிங்குல இருக்கிறதை ஒண்ணுவிடாம செய்யின்னாரு மொதலாளி. பாக்க எக்ஸ்போர்ட் மெஷினு மாதிரி இல்ல?"

கொளஞ்சியப்பன் வண்டியைத் தொட்டுப் பார்த்தான். மகளின் தலையைத் தொடுவது போலத் தொட்டான். பிறகு பட்டனை அமுக்கினான். இருபது பெட்டி தானாக ஏறியது. அவன் இடுப்பு எந்த வேலையும் செய்யவில்லை.

பழமலைநாதன் வந்தார். "எப்படி இருக்கு கொளஞ்சி? நாலு ஆளு வேலைய ஒரு பட்டன் செய்யுது. பட்டன் அமுக்க எங்க அக்கா பையன் வரான். ஒங்க நாலு பேருக்கும் இந்த வாரத்தோட கணக்கை முடிச்சிரச் சொல்லிட்டேன்."

கொளஞ்சியப்பன் பட்டனிலிருந்து விரலை எடுத்தான். மற்ற மூன்று பேரும் அவனையே பார்த்தார்கள். வண்டியைப் பார்க்கவில்லை.

ஆபீஸில் கோமளம் முன்னால் போய் நின்றான். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"எம் பொண்ணு படத்துக்கு மொதலாளி ஏதாச்சும் குடுத்தாருங்களா? அதை வச்சித்தான் இனிமே..."

"ஐம்பதாயிரம் எடுத்து நீட்டினார், நானே பார்த்தேன்," என்றாள் கோமளம். "இது சின்ன வெர்ஷன்ல போட்ட படம், விக்கக்கூடாது, எங்கப்பா இடுப்புக்காகப் போட்டது, சும்மாவே வச்சுக்குங்கன்னு குடுத்துட்டுப் போயிட்டா. தங்கமான பொண்ணு கொளஞ்சி. சரி, சாப்ட்வேருக்குன்னு வாங்கின அட்வான்ஸ் எட்டாயிரம் அப்படியே நிக்குது. அதை எப்பக் கட்டுறீங்க?"