கழியர் இல்லாத நாடு

மேட்டார், கழியர் என்ற இரண்டு இனத்தாரும் ஒரே குளத்தில் தண்ணீர் மொண்டு வாழ்ந்த மாவலங்க நாட்டில் ஒரு முறை மழை பொய்த்தது. களஞ்சியத்து நெல்லை அரசர் முன்பே கடல் கடந்த நாடுகளுக்கு விற்றிருந்தார். "நெல் எங்கே?" என்று மேட்டார் திரண்டு வந்து கேட்டபோது, அமைச்சர் பெருமதியார் தொண்டையைச் செருமினார்.

"கழியர் தின்றுவிட்டார்கள்."

பசித்தவர்களுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

முதலில் கழியரின் மொழி பள்ளிகளிலிருந்து போயிற்று. பிறகு அவர்களுடைய கடைகள் எரிந்தன. தீ தானாகப் பற்றியதாக அரண்மனை அறிவித்தது. பூரணி என்ற கழியப் பெண்ணின் தையற்கடைக்கு முன்னால் பந்தத்தோடு நின்றவன் எதிர்வீட்டுத் தீர்த்தன். அவள் மகளுக்குக் காது குத்தியபோது பந்தல் போட்டவன்.

"அண்ணே, நீங்களுமா?"

"நான் மாட்டேன்னா என் வீட்டக் கொளுத்துவாங்க, தங்கச்சி," என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த ஆணை வந்தது: கழியரின் பாதுகாப்பை முன்னிட்டு, அவர்கள் அனைவரும் உப்புத்திடலுக்குச் செல்ல வேண்டும். சென்றார்கள். எல்லோரும் ஓரிடத்தில் கூடியிருந்ததால் படையினரின் குறி ஒன்றும் தவறவில்லை. தண்ணீர் தேடிப்போன பூரணியின் கணவன் சாத்தன் திரும்பவில்லை. மகள் இலஞ்சி, "அம்மா, காது அடைக்குது," என்றாள். அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை. பூரணி வெறுங்கையால் மணலைத் தோண்டினாள்.

செய்தி கசிந்து, பிற நாட்டுத் தூதர்கள் விசாரிக்க வந்தார்கள். அவர்கள் வந்து இறங்குமுன் அரசர் இன்னொரு சட்டம் இயற்றினார்: மாவலங்கத்தில் கழியர் என்றோர் இனமோ, அவர்களுக்கென ஒரு மொழியோ எக்காலத்திலும் இருந்ததில்லை. இல்லாதவர்களை யார் கொன்றிருக்க முடியும்?

திடலிலிருந்து உயிரோடு மீண்ட சிலரில் பூரணியும் ஒருத்தி. அவளைத் தூதர்கள் முன் சபையில் சாட்சியாக நிறுத்தினார்கள்.

"அஞ்சாதே அம்மா," என்றார் பெருமதியார் கனிவாக. "அனைவரும் நலம் என்று மட்டும் சொல்."

பூரணி நிமிர்ந்து நின்றாள். கழியரின் மொழியில் கணவனின் பெயரைச் சொன்னாள், தண்ணீர் தேடிப்போய்த் திரும்பாததையும் சொன்னாள். மகளின் பெயரைச் சொன்னாள். பிறகு தெருவில் தன்னோடு வாழ்ந்து மாண்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

பெருமதியார் துள்ளி எழுந்தார். "நிறுத்து! அந்த மொழியில் பேசாதே!"

தூதர்களில் மூத்தவர் மெல்லக் கேட்டார்:

"எந்த மொழியில்?"

பூரணி அடுத்த பெயரைச் சொன்னாள்.