எட்வேட் அனுப்பிய பாஸ்

ஸ்பேனர் சுற்றியது. நட்டு சுற்றவில்லை.

"பாஸ், இன்னும் கொஞ்சம் பலமாய் இழுங்கோ," என்றார் பூபாலசிங்கம்.

"சரிங்க பாஸ்," என்று சொல்லிவிட்டு, எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்த ஆள் இரண்டு கையாலும் இழுத்தார். நறுக்கென்று ஒரு சத்தம். நட்டின் மூலைகளெல்லாம் மழுங்கி, அது மொட்டையாகி மினுங்கியது. இனி உலகத்தில் எந்த ஸ்பேனருக்கும் அது பிடி கொடுக்காது.

"பரவாயில்லை," என்றார் பூபாலசிங்கம். அவர் பரவாயில்லை என்று சொன்னால் வீட்டில் எல்லாரும் பயப்படுவார்கள். இந்த ஆளுக்கு அது தெரியாது, பாவம்.

பஸ் நின்றது கொட்டாஞ்சேனையில், ஜவாஹிறாவின் வீட்டுப் பின்வளவில். வெள்ளவத்தையில் பூபாலசிங்கம் குடியிருக்கும் ஒழுங்கைக்குள் ஆட்டோவே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நுழையும் என்பதால், பஸ்ஸை நிறுத்த இங்கே வாடகைக்கு இடம் எடுத்திருந்தார். வீட்டுக்கும் வளவுக்கும் ஒரே கேட். மட்டக்குளி ரோட்டில் சனத்தை அள்ளி அடைத்துக்கொண்டு ஓடி ஓடிக் களைத்து, இப்போது கோயிலுக்கும் கலியாணத்துக்கும் மட்டும் போய்வருகிற பஸ். அதன் வயதைக் கேட்டால் பூபாலசிங்கத்துக்குக் கோபம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஒரே மகள் உஷாந்திக்கு முன்னேஸ்வரம் கோயிலில் கலியாணம். மாப்பிள்ளையின் தகப்பன் இராசநாயகம் வங்கியில் பெரிய பதவி பார்த்து ஓய்வுபெற்றவர். அவர் வீட்டுக்கு வந்திருந்தபோது மிக மரியாதையாகத்தான் சொன்னார், பெண் வீட்டு ஆட்கள் வர நல்ல ஏசி பஸ் ஒன்று தானே ஒழுங்குபண்ணுவதாக. சொந்த பஸ் இருக்கிறதே என்று அவர் ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் பூபாலசிங்கத்தைச் சுட்டது. சொந்தமாய் பஸ் வைத்திருக்கிறவன் ஊரான் பஸ்ஸில் ஏறிப்போய்ப் பிள்ளையைக் கட்டிக்கொடுப்பதா என்று சபையில் முழங்கிவிட்டார்.

முழங்கியாயிற்று. இனி பஸ் ஓடத்தான் வேண்டும். ஓடாவிட்டால் இராசநாயகம் ஒரு வார்த்தை பேசமாட்டார், சிரிப்பார். உதடு திறக்காத அந்தச் சிரிப்புக்கு நாலு ஏச்சு வாங்குவது மேல் என்று பூபாலசிங்கத்துக்குத் தோன்றியது.

கலியாணத்துக்கு அந்த வாரமே பார்த்து பஸ் வெள்ளைப் புகை கக்கத் தொடங்கியது. டிரைவர் திலக்ஷன் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, டீசலை எஞ்சினுக்குள் பீச்சுகிற நொஸல்களில் ஒன்று அடைத்துவிட்டது, கழற்றிக் கழுவிப் பூட்டினால் சரி, ஆனால் இறுகிப்போய் இருக்கிறது, தெரிந்த பாஸ் ஒருத்தரைப் பிடியுங்கோ என்றான். சொல்லிவிட்டு, பிள்ளைப்பேற்று வலி வந்த மனைவியைக் கூட்டிக்கொண்டு களுபோவில ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டான்.

கொழும்பில் கைத்தொழில் தெரிந்த எவரும் பாஸ்தான். சந்தியில் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கும் எட்வேட்டுக்குத் தெரியாத பாஸ் இல்லை. பூபாலசிங்கம் அவனுக்கு போன் அடித்தார். விடிந்ததும் ஆள் வருவார் என்றான் எட்வேட்.

விடிந்தது. கேட்டைத் திறந்துகொண்டு, தோளில் ஒரு பையோடு ஆளும் வந்தார்.

"எட்வேட் அனுப்பின பாஸோ?"

"ஆமாங்க. நா வந்து..."

"எல்லாம் பிறகு கதைப்பம். முதல் வேலையைப் பாப்பம், வாங்கோ."

புறக்கோட்டையில் கடை நடத்திய காலத்திலிருந்தே, ஆளைப் பார்த்தவுடன் எடைபோட்டுவிடுவேன் என்பது பூபாலசிங்கத்தின் பெருமை. அங்கே அவரிடம் கடன் வாங்கிவிட்டு மறைந்தவர்கள் அத்தனை பேரையும் அவர் அப்படித்தான் எடைபோட்டார். இந்த ஆளின் கையைப் பார்த்தார். காய்த்து, வெடித்து, உரம் ஏறிய கை. பைக்குள் சுத்தியலும் உளியும் தெரிந்தன. ஸ்பேனர் ஒன்றுகூட இல்லை. நல்ல பாஸ்மார் கண்ட சாமானையும் சுமந்து திரிவதில்லை என்று பூபாலசிங்கம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, பஸ்ஸில் கிடந்த பெட்டியிலிருந்து தன்னுடைய ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். பெயரைக் கேட்கவில்லை. பாஸ்மாரிடம் பெயர் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து மூடியைத் தூக்கி நொஸலைக் காட்டினார். ஆள் தலையைச் சொறிந்தார்.

"இத நா கழட்டணுமாங்க?"

"வேற ஆர், நானோ?"

"நீங்க பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தீங்கன்னா செய்றேங்க, பாஸ்."

பூபாலசிங்கத்துக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. முதலாளியை முதலாளியாக மதித்து 'பாஸ்' என்று கூப்பிடுகிற தொழிலாளி இந்தக் காலத்தில் யாருக்குக் கிடைக்கிறான்? பெற்ற மகளே 'அப்பா, உங்களுக்கு ஒண்டும் விளங்காது' என்கிறாள். அந்த நிமிடத்திலிருந்து இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பாஸ், பாஸ் என்று கூப்பிட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கி, நட்டை மொட்டையாக்கி முடித்தார்கள்.

பூபாலசிங்கம் போனை எடுத்து யூடியூப்பில் தேடினார். மொழி தெரியாத ஒருவன் மொட்டை நட்டின் பக்கத்தில் உளியை வைத்துத் தட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தான். இவர் சொல்ல, ஆளும் உளியை வைத்து ஓங்கி ஒன்று போட்டார். அடி நல்ல அடி. நட்டு, அதைத் தாங்கி நின்ற ஆணியோடு முறிந்து பறந்து, பஸ்ஸின் முன்கண்ணாடியில் நட்சத்திரம் மாதிரி ஒரு வெடிப்பு விட்டது.

"நல்லதாய்ப் போச்சு," என்றார் பூபாலசிங்கம், வெடிப்பின் பக்கம் திரும்பாமல். "நட்டுத் தொல்லை முடிஞ்சுது."

நட்டு போனாலும் நொஸல் அசையவில்லை. அது எஞ்சினோடு பிறந்தது போல இருந்தது. முதல் தடவையாக அவர் அபிப்பிராயம் கேட்டார்.

"எங்க வேலையிலன்னா, தண்ணி ஊத்தி ஒரு ராத்திரி ஊற விட்டுருவோங்க. காலையில தட்டினா பொலபொலன்னு வந்துரும்."

தண்ணீரா என்று பூபாலசிங்கம் ஒரு கணம் திகைத்தார். பிறகு, பேச்சைப் பார்த்தால் மலைநாட்டு ஆள், தேயிலை ஃபக்டரி மெஷின்களில் பழகிய கை, அங்கே ஏதோ பழைய முறை இருக்கும் என்று தானே ஒரு விளக்கம் செய்துகொண்டார். ஈரச்சாக்கைப் போட்டு, வாளி வாளியாக ஊற்றினார்கள்.

மறுநாள் காலையில் அந்த இடம் முழுக்கச் செம்மண் நிறத்தில் துருப்பிடித்திருந்தது.

திலக்ஷன் போன் அடித்தான். பெண்பிள்ளை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் சுகம் என்றான். சந்தோஷம் என்றார் பூபாலசிங்கம், உண்மையாகவே. நொஸலைப் பற்றிக் கேட்டபோதுதான் அவர் குரல் விறைத்தது.

"பாஸ் என்ன சொல்றார், அண்ணை?"

"நான் சொன்னதைச் செய்றார். அதுதானே நல்ல பாஸ்."

நொஸலுக்குச் சூடு காட்டினால் இளகும் என்று யூடியூப்காரன் சொன்னதால், பெயின்ற் சுரண்டுகிற நெருப்பு லாம்பு ஒன்றை இரவல் வாங்கிவந்தார்கள். எண்ணெயூறிய எஞ்சினுக்குச் சூடு காட்டினால் என்ன நடக்குமோ அது நடந்தது. ஒரு டீசல் குழாயும் வயர்க்கட்டும் டிரைவர் சீட்டில் பாதியும் எரிந்த பிறகு, ஜவாஹிறா வாளித் தண்ணீரோடு ஓடிவந்து ஊற்றி அணைத்தாள்.

அணைத்தவள் சும்மா போகவில்லை. புகை, சத்தம், கோழிகள் முட்டையிடாதது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தனக்கும் ஒரு பாஸை அனுப்புகிறேன் என்று எட்வேட் சொல்லி இன்னும் ஆளைக் காணவில்லை, சமைக்கிற குசினி பாதி இடித்தபடி கிடக்கிறது என்று முறையிட்டாள்.

"மொதலாளிக்கு மட்டும் எப்பிடி ஒடனே ஆள் கெடச்ச?"

"வேலையாளைப் பிடிக்கிறதுக்கும் ஒரு திறமை வேணும் பாருங்கோ," என்றார் பூபாலசிங்கம், கரி படிந்த முகத்தோடு. ஆளைப் பார்த்தவுடன் எடைபோடுவது எப்படி என்று அவளுக்கு ஒரு சிறு பிரசங்கமும் செய்தார். பஸ்ஸுக்குள் முதுகைக் காட்டிக் குந்தியிருந்த எடைபோடப்பட்ட ஆள், வெளிப்பேச்சு எதுவும் காதில் விழாமல் கருகிய சீட்டிலிருந்து பஞ்சைப் பிய்த்து வெளியே எறிந்துகொண்டிருந்தார்.

அவள் போன கையோடு, எண்ணெய்ச் சட்டை போட்ட ஒருவர் கேட்டடியில் வந்து நின்று எட்டிப் பார்த்தார். இங்கேதானா பஸ் என்று கேட்டார்.

"ஓம், பஸ்தான். முந்திப் பிந்தி பஸ் கண்டதில்லையோ? இஞ்ச வேலை நடக்குது, வாயைப் பிளந்து விடுப்புப் பாக்காமல் போம் காணும்."

வந்தவர் பஸ்ஸுக்குள் ஓர் ஆள் சுத்தியலோடு நிற்பதைப் பார்த்தார். சரி, வேறு ஆள் பிடித்துவிட்டார்களாக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார். வேலைவெட்டி இல்லாத சனம் இந்தக் கொழும்பில் கூடிப்போயிற்று என்று பூபாலசிங்கம் வருத்தப்பட்டார்.

வெள்ளிக்கிழமை உஷாந்தி போனில் அழுதாள். அப்பா, எனக்கு ஏசியும் வேண்டாம், உங்கட பஸ்ஸும் வேண்டாம், நேரத்துக்குக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தால் காணும் என்றாள். பிள்ளை கேட்பதில் நியாயம் இருப்பது பூபாலசிங்கத்துக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பு கண்ணுக்குள் நின்றது. பின்னேரம் பஸ் வாழைமரம் கட்ட ரெடியாய் நிற்கும், மாமாவையே கூட்டிக்கொண்டு வந்து பார் என்று சொல்லிவிட்டார். சொன்ன வாயைப் பிறகு அவரே கையால் பொத்திக்கொண்டார்.

"பாஸ், இனிப் பொறுக்கேலாது. சுத்திவரக் கொத்துங்கோ."

"கொத்திரவாங்க?" ஆளின் முகத்தில் மூன்று நாளில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம். "எவ்வளவு ஆழம் போகணும்னு மட்டும் சொல்லுங்க பாஸ், நூல் புடிச்ச மாதிரி கொத்திருவேன்."

கொத்தினார். ஐயோ, அது என்ன கொத்து! அவ்வளவு நேரமும் தயங்கித் தயங்கி வேலை செய்த கை, இப்போது ஒரு தாளத்துக்கு வந்தது. இதுதான் தொழிற்காரனின் கை என்று பூபாலசிங்கம் பூரித்துக்கொண்டிருக்கும்போதே, பழைய எஞ்சின் ஒரு முனகல் முனகியது. நொஸல் வெளியே வந்தது.

"வந்திட்டுது!" என்று பூபாலசிங்கம் அதைப் பறித்துத் தலைக்கு மேலே தூக்கினார்.

நொஸல் தனியாக வரவில்லை. உள்ளங்கை அளவு எஞ்சின் துண்டு ஒன்றும் அதோடு சேர்ந்து வந்திருந்தது. அது இருந்த இடத்தில் ஒரு பெரிய ஓட்டை. குனிந்து பார்த்தால் உள்ளே பிஸ்டன் தெரிந்தது. பிஸ்டனைப் பூபாலசிங்கம் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"பயப்படாதீங்க பாஸ்," என்றார் ஆள். "ஓட்ட அடைக்கிறது நமக்குக் கை வந்த வேல."

அந்த நேரம் பார்த்துக் கேட் திறந்தது. உஷாந்தியும், அவளுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் இராசநாயகமும் வந்தார்கள். இராசநாயகம் முன்கண்ணாடியைப் பார்த்தார். கருகிய சீட்டைப் பார்த்தார். சம்பந்தியின் கையில் இருந்த இரும்புத்துண்டைப் பார்த்தார். இன்னும் சிரிக்கவில்லை. ஆனால் உதட்டோரத்தில் அது வந்து நிற்பது பூபாலசிங்கத்துக்குத் தெரிந்தது.

அவருக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. பழியைத் தூக்கிப் போட ஒரு தோள் பக்கத்திலேயே நின்றது.

"பாருங்கோ சம்பந்தி," என்று ஆளைச் சுட்டிக் கத்தினார். "என்ர பஸ்ஸில ஒரு பிழையும் இல்லை. ஒரு நொஸல் கழட்டத் தெரியாத மனுசன் வந்து என்ர எஞ்சினைச் சாக்காட்டிப்போட்டான். ஆளைப் பாத்து எடைபோடுற எனக்கே கயிறு திரிச்சுப்போட்டான். நீரெல்லாம் ஒரு மெக்கானிக் பாஸோ காணும்?"

ஆள் சுத்தியலைக் கீழே வைத்தார். கோபமில்லை, ஒரே குழப்பம். பூபாலசிங்கத்தையும் இராசநாயகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நானாங்க? நா இந்த வீட்டம்மா குசினிக்குச் செவரு பூச வந்த மேசன் பாஸுங்க. மெக்கானிக் பாஸு நீங்கதான்னு நெனச்சுல்ல, மூணு நாளா ஒங்களுக்குக் கையாளா நின்னேன்?"