தூதருக்கு ஒரு கண் அட்வான்ஸ்

எழுபதுகளில் துபாயில் கண்ணில்லாத மனிதர்களை அதிகம் உண்டாக்கியவர் எங்கள் பேனர் அண்ணாச்சிதான். திருநெல்வேலியில் சினிமா பேனர் வரைந்தவர். எந்த முகத்துக்கும் கண்ணைக் கடைசியாக, நல்ல நேரம் பார்த்துத்தான் திறப்பார். அந்த நல்ல நேரம் லேசில் வராது. தேரா பகுதியில் எங்கள் அறைச் சுவர் முழுக்கக் கண்ணில்லாத கூட்டம். புதிதாக வந்தவர்கள் வெளியே போய்ப் படுத்துக்கொள்வார்கள்.

எங்கள் கம்பெனி தலைநகரில் ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தைக் கட்டி முடித்தது. திறப்பு விழாவில் தூதருக்கு அவருடைய ஓவியத்தையே பரிசளிக்க மேனேஜர் ஆசைப்பட்டார். மெட்ராஸ்காரர். நம்ம ஆள்தானே என்று நம்பினோம், புத்திகெட்டவர்கள். அண்ணாச்சி போட்டோவைப் பார்த்து வரைந்தார். தூதரின் கன்னத்தில் கதாநாயகனுக்குப் போடும் ரோஸ். கண் மட்டும் இல்லை.

"எம் மவளுக்கு ஆவணியில கல்யாணம் சார். லீவுல கையெழுத்துப் போடுங்க, ரெண்டு கண்ணையும் தெறந்துருதேன்."

"மொதல்ல படத்த முடிப்பா. லீவு எங்க ஓடிடப் போகுது?"

அண்ணாச்சி யோசித்துவிட்டு, அட்வான்ஸாக ஒரு கண்ணைத் திறந்தார்.

விழா நாளும் வந்தது. கையெழுத்து வரவில்லை.

"விழா முடியட்டும்பா" என்றார் மேனேஜர்.

"அப்பம் மத்த கண்ணும் பொறவுதான் சார்."

மேனேஜர், காருக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒருவரைப் பிடித்து வந்து அந்தக் கண்ணைப் போடவைத்தார். அண்ணாச்சி போட்ட கண் நம்மைப் பார்த்தது. மற்றது வாசலைப் பார்த்தது. தூதர் நல்ல மனிதர். எல்லாப் பக்கமும் பார்ப்பதுதானே என் வேலை என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டார். எல்லோரும் கைதட்டினோம்.

படம் தப்பியது, அண்ணாச்சி தப்பவில்லை. "கம்பெனிக்கே கண்டிஷன் போடறியா?" என்றார் மேனேஜர். ஆபீஸ் அலமாரியில் இருந்த அண்ணாச்சியின் பாஸ்போர்ட், ஆவணி முகூர்த்தம் தாண்டும்வரை வெளியே வரவில்லை. அதன் பிறகு விசாவைக் கேன்சல் செய்து அனுப்பினார்கள். மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்கவிடாமல், ஆயுளுக்கும் லீவு கொடுத்தார்கள். அந்த மேனேஜர் பாவியை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

புறப்படும்போது அண்ணாச்சி என் முகம் வரைந்த அட்டை ஒன்றைக் கொடுத்தார். கண் இல்லை.

"இதையாவது முடிச்சிட்டுப் போங்க அண்ணாச்சி."

"ஒனக்கு மொதல்ல லீவு கெடைக்கட்டும்டே. ஊருக்கு வா, தெறந்துவிடுதேன்."

எனக்கு லீவு கிடைத்துப் போனபோது அண்ணாச்சி உயிரோடு இல்லை. அந்தப் படம் இன்னும் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. விளங்காத படம், தூக்கிப் போடுங்கள் என்கிறாள் மனைவி. யாரையாவது கூப்பிட்டுக் கண் போடலாமே என்கிறான் மகன்.

அண்ணாச்சி திறக்காத கண்ணை வேறு எவனும் திறக்க வேண்டாம்.