பேட்ச் எண் ஐந்துக்கு ஏழு முத்திரை

சோங்வோல் மாவட்ட அலுவலகம் தன் துப்பாக்கி வீராங்கனைக்குத் தோட்டா வாங்கத் தீர்மானித்தது. இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. எங்கள் கொரியாவில் மாவட்ட அலுவலகங்கள் விளையாட்டு அணி வைத்திருப்பது வழக்கம். சாலை போடுகிற பிரிவு, பன்றிக் காய்ச்சலைத் தடுக்கிற பிரிவு, அதற்கு அடுத்த அறையில் விளையாட்டுப் பிரிவு. எங்கள் அணியில் ஒரு கோச், ஒரு வீராங்கனை, ஒரு துப்பாக்கி. இந்த மூன்றையும் மேற்பார்வையிட அதிகாரிகள் ஏழு பேர். அதில் ஏழாவது ஆள் நான். பெயர் பாங். படிவம் தட்டுவதும் காபி கலக்குவதும் என் பொறுப்பு.

வீராங்கனை மா யூன்பிக்கு முப்பத்தொரு வயது. வசந்தத்தில் ஆசியப் போட்டிக்கான தேசிய அணித் தேர்வு வந்தது. இரண்டே இடங்கள். யூன்பி எந்தத் தேர்விலும் தவறாமல் ஐந்தாவதாக வருகிறவள். இந்த முறையும் ஐந்தாவது என்றால் அணியைக் கலைத்துவிட்டுப் பூசணித் திருவிழா நடத்துவது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. பூசணிக்காய் எதிலும் ஐந்தாவதாக வந்ததில்லை என்பது அவர்கள் கட்சி.

ஆகவே தோட்டா முக்கியம். சுண்டுவிரல் அளவுகூட இல்லாத இருபத்திரண்டு காலிபர் தோட்டா. ஒரே கம்பெனி, ஒரே அட்டைப் பெட்டி. ஆனால் பேட்ச், அதாவது ஒரே தடவையில் செய்த தொகுதி, மாறினால் குணம் மாறிவிடும். ஒரு பேட்ச் ஒரு துப்பாக்கிக் குழலுக்கு ஒத்துப்போகும், பக்கத்துக் குழலுக்கு ஒத்துப்போகாது. ஏன் என்று செய்தவனுக்கே தெரியாது. சுட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கோச் தோ துப்பாக்கியை இரும்புப் பிடியில் இறுக்கி வைத்தார். ஆறு பேட்ச்கள், ஒவ்வொன்றிலும் பத்துத் தோட்டா, ஐம்பது மீட்டர். பத்து ஓட்டைகளும் எவ்வளவு அகலத்துக்குப் பரவியிருக்கின்றன என்று அளக்க வேண்டும். நெருங்கி விழுந்தால் நல்ல தோட்டா, சிதறினால் மட்டமான தோட்டா. மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

வாய் நிறைய கிம்பாப் சோற்றுச் சுருளோடு யூன்பி கத்தினாள். "கோச் சார், ரெண்டாம் நம்பரைப் பாருங்க! பத்தும் ஒரே ஓட்டை மாதிரி இருக்கு!"

எண் இரண்டு, 12.8 மில்லிமீட்டர். ஆறிலும் மட்டமானது எண் ஐந்து, 31.6.

எங்கள் அலுவலகத்தில் மதிப்பீட்டுப் படிவம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஊழியர்களுக்கும் அதுதான், பாலங்களுக்கும் அதுதான், பூசணிக்காய்க்கும் அதுதான். அதில் "மதிப்பெண்" என்று ஒரு கட்டம். நான் எண்களை அதில் தட்டினேன். படிவம் மேசை மேசையாக ஏறி, சாயங்காலம் ஏழு முத்திரைகளோடு இறங்கி வந்தது. அதிக மதிப்பெண் பெற்ற பேட்ச் எண் ஐந்து ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது.

யூன்பி மூச்சிரைக்க ஓடி வந்தாள். பிரிவுத் தலைவர் நாம்குங் சார் அலுவலகச் செருப்பில் காலை ஆட்டிக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், இதுல சின்ன நம்பர்தான் சார் நல்லது!"

"ஏம்மா, சின்னது எப்படிம்மா நல்லதாகும்? பன்னெண்டு எங்கே, முப்பத்தொண்ணு எங்கே?"

"ஓட்டையெல்லாம் சிதறுது சார்."

"சிதறல்னு சொல்லாதே. பரவலாப் போய்ச் சேருதுன்னு சொல்லு. பரவலாப் போய்ச் சேர்ற திட்டத்துக்குத்தானே வருஷா வருஷம் விருது குடுக்கறாங்க?"

"நான் நடுவுல சுடணும் சார்!"

"நடுவுல சுடறது உன் வேலை. அதையும் தோட்டாவே பாத்துக்கிட்டா நீ எதுக்கு?"

கோச் தணிந்த குரலில் சொன்னார். "சார், படிவத்தைத் திருத்தி மறுபடி அனுப்பிடலாமே."

"தாராளமா. ஆனா ஏழு முத்திரையில எது தப்புன்னு எழுதிக் குடுங்க."

ஏழாவது முத்திரை மாவட்டத் தலைவருடையது. கோச் கூரையைப் பார்த்தார். எனக்கு உண்மை தெரியும், தட்டியவனே நான்தான். ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். ஆனால் அந்த மாதம் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் பேருந்து நிலையத்துக்கு எதிரே துணிப் பதாகை ஏறியது: "வாழ்த்துகள்! தோட்டாத் தேர்வில் 31.6 பெற்று மாகாணத்தில் முதலிடம்! சோங்வோல் மக்களின் பெருமை!" எங்கள் ஊரில் யாருடைய பையன் பரீட்சையில் தேறினாலும் பதாகை உண்டு. ஆனால் இதுபோல் அகலமானதை நான் பார்த்ததில்லை. பரவலாகப் போய்ச் சேர்ந்தது.

விஷயம் பக்கத்து ஹாவோன் மாவட்டத்துக்கு எட்டியது. முன்னேறியவர்களைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது அப்போது அதிகாரிகளிடையே பெரிய மோகம். பதினான்கு பேர் பேருந்தில் வந்தார்கள். விலா இறைச்சி சாப்பிட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், என் படிவத்தை நகல் எடுத்துக்கொண்டு போனார்கள். பத்தே நாளில் அவர்கள் ஊரில் பதாகை: "38.2!" அடுத்த வாரம் இன்னொரு மாவட்டம் கிடங்கில் ஈரம் ஏறிக் கிடந்த தோட்டாக்களைத் தேடிப் பிடித்து 44 வாங்கியது. மாகாணம் முழுக்கத் தொற்றி, மற்ற மாகாணங்களுக்கும் தாவிவிட்டது. அந்தந்த ஊர் வீரர்களும் ஓடிப் போய் முறையிட்டிருப்பார்கள். அந்தந்த ஊரிலும் காபி குடித்துக்கொண்டு ஒருவர் இருந்திருப்பார்.

மனசாட்சி உறுத்தியது. சொந்த அலுவலகத்தில் சொல்லத் தைரியமில்லை. வெளியூருக்காவது சொல்லலாமே என்று ஹாவோனுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். "மேற்படி மதிப்பீட்டில் சிறிய எண்ணே சிறந்தது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்."

மறுநாளே ஹாவோன் அதிகாரியிடமிருந்து தொலைபேசி.

"ஏம்ப்பா பாங், முப்பத்தெட்டைத் தாண்ட முடியலைன்னதும் எங்களைக் கவுக்கப் பாக்கறியா?"

"சத்தியமா இல்ல சார். சின்னதுதான் நல்லது."

"அப்ப உங்க ஊர் ஏன் முப்பத்தொண்ணை வச்சிருக்கு?"

ஹாவோன் உஷாராகி 47க்கு மாறியது.

தேர்வு நாள் வந்தது. வந்திருந்த அத்தனை அணிகளும் ஏதாவது ஓர் ஊர் அலுவலகத்தின் அணிகள்தான். நடுவர்கள் இலக்குகளைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்கள். ஹாவோன்காரி பக்கத்து வரிசை இலக்கில் ஓட்டை போட்டாள். போன வருடம் முதலாவதாக வந்த பெண் பாதியிலேயே எழுந்து வாசலுக்குப் போய் அழுதாள். காற்று சரியில்லை என்று அறிவித்தார்கள். அது நாலு சுவர் வைத்த அரங்கம்.

யூன்பி தன் வழக்கமான ஐந்தாம் இடத்து மதிப்பெண்ணைவிடப் பத்துப் புள்ளி குறைவாகச் சுட்டு முதலாவதாக வந்தாள். அணி பிழைத்தது. பூசணித் திருவிழா தள்ளிப்போனது. நாம்குங் சார் அழுதேவிட்டார்; அது பொய்யழுகை இல்லை. ஆசியப் போட்டிக்குப் போகிறவள் எந்தத் தோட்டா கேட்டாலும் வாங்கித் தரும்படி மாவட்டத் தலைவரே உத்தரவிட்டார்.

கோச் தோ அன்றைக்கே கடைக்குப் போன் போட்டார். பேட்ச் எண் இரண்டு அப்படியே இருந்தது, சீண்ட ஆளில்லை. முகமெல்லாம் சிரிப்பாக அலுவலகத்துக்கு வந்தார்.

"யூன்பி, இனிமே நமக்குத் தடையே இல்ல. எண் ரெண்டு! பன்னெண்டு புள்ளி எட்டு!"

யூன்பி காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் சார்."

"என்னம்மா வேணாம்?"

"பத்து வருஷமா நெருக்கமா விழற தோட்டாவாத் தேடித் தேடிச் சுட்டேன். அஞ்சாவதைத் தாண்டல. இதுலதான் ஜெயிச்சேன். ஆசியப் போட்டி நேரத்துல எதுக்கு சார் மாத்தணும்?"

"அடி பைத்தியமே, அவங்க நாப்பத்தேழுல சுட்டாங்க, நீ முப்பத்தொண்ணுல சுட்டே. சின்னதுதானே ஜெயிச்சுது! ஆசியப் போட்டிக்கு வர்றவங்க யாரும் நம்ம படிவத்தைப் பாக்கலம்மா!"

"கணக்கெல்லாம் சரிதான் சார். ஆனா மனசுக்கு அஞ்சாம் நம்பர்தான் ராசின்னு படுது."

நாம்குங் சார் எழுந்து நின்று கைதட்டினார். கோச் என்னைப் பார்த்தார். இந்த முறை நான் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பதவி உயர்வு வந்துவிட்டது, இழக்க ஒன்றுமில்லை. ஆனால் உயர்ந்த பதவியில் அந்த ஏழு முத்திரையில் ஒன்றை எனக்கே கொடுத்திருந்தார்கள். புத்தம் புதுசு.

பேட்ச் எண் ஐந்து, பத்தாயிரம் தோட்டா என்று படிவம் தட்டினேன். வீராங்கனையின் கருத்துக்கு மதிப்புக் கொடுப்பதுதான் இப்போதைய நாகரிகம் என்பதால் எட்டாவதாக ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னார் நாம்குங் சார். படிவம் முதலில் யூன்பியிடம் போனது. அவள் மையைத் தொட்டு, சரியாகக் கட்டத்தின் நடுவில் முத்திரை குத்தினாள்.