மைக்செட் சொன்ன பொய்

என் பழைய டயரியில் ஓர் ஐப்பசிச் செவ்வாய்க்கிழமைக்குக் கீழே ஒற்றை வரி இருக்கிறது: ‘மைக்செட் இன்று பொய் சொன்னார்.’ தேதியும் வருடமும் மழையில் கரைந்துவிட்டன. ஏற்காட்டில், ஒண்டிக்கடைப் பகுதியில் நான் தட்டச்சு நிலையம் நடத்திய எண்பதுகளில் ஏதோ ஒரு வருடம். அதற்குமேல் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அது எவ்வளவு பெரிய செய்தி என்று அந்தக் கால ஏற்காட்டுக்காரர்களுக்குத் தெரியும். உண்மையை மட்டுமே பேசி, சேர்வராயன் மலை முழுவதையும் ஏமாற்றிய ஒரே கான்ட்ராக்டர் அவர்.

பெயருக்குக் காரணம் குரல். பஸ் நிலையத்தில் அவர் ரகசியம் பேசினால், ஏரியில் படகில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மற்ற கான்ட்ராக்டர்கள் டெண்டர் தொகையைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். இவரோ கவரை ஒட்டுவதற்கு முன்பே டீக்கடையில் நின்று முழங்குவார்.

“ஏனுங்க, ரெண்டு ரூம்பு, ஒரு வராண்டா, அறுவதாயிரம் போட்டிருக்கறனுங்க! யாருக்காச்சும் சந்தேகமுங்களா?”

யாருக்கும் சந்தேகமே இல்லை, அது பொய்தான். தொழில் தெரிந்த எவன் தன் தொகையைச் சொல்வான்? பத்தில் ஒரு பங்கு கூட்டிச் சொல்கிறார் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அந்தப் பங்கைக் கழித்து, அதற்கும் கொஞ்சம் கீழே எழுதி வேலையைப் பிடிப்பார்கள். பிறகு பாதிச் சுவரில் பணம் தீர்ந்து விழிப்பார்கள். ஒருவர் லாரியையே விற்றார். “சொன்னனே, கேட்டீங்களா?” என்பார் மைக்செட், மெய்யாகவே வருத்தப்பட்டு. நின்றுபோன வேலைகள் கடைசியில் அவரிடமே வரும். அதில்தான் அவர் பிழைப்பு நடந்தது.

அவர் சொன்னதெல்லாம் உண்மை என்பது எனக்கு மட்டும் தெரியும். எஸ்டிமேட்டை டைப் அடித்ததே நான்தான். தட்டச்சுக்காரன் வாயைத் திறந்தால் கடையை மூட வேண்டியதுதான் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவருடைய எஸ்டிமேட்டுகளே தனி ரகம். கல், மணல், சிமெண்டுக்கு நடுவே, ‘மூடுபனியில் கொத்தனார் கரண்டியைத் தேடும் நேரம்’ என்று ஒரு செலவு இருக்கும். ‘குப்பனூர் ஏற்றத்தில் லாரி டிரைவர் வண்டியை நிறுத்திச் சாமி கும்பிடும் நேரம்’ என்று இன்னொன்று. அடிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் வேலை முடிகையில் செலவு அங்கேதான் வந்து நிற்கும். தாளுக்குத் தாள் கையெழுத்துப் போடுவார். டீக்கடைக் கணக்குச் சீட்டிலும் போடுவார். ஈரச் சிமெண்டைக் கண்டால் ஆணியால் போடுவார்.

அந்த ஐப்பசியில் கிளியூர்ப் பாதைக்குத் தடுப்புச் சுவர் கட்ட டெண்டர் வந்தது. காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வேலையை விட்டுவிட்டு வந்த முருகேசன் என்ற இளைஞன், மனைவியின் நகையை அடகு வைத்து டெபாசிட் கட்டியிருந்தான். முதல் டெண்டர். வேலை பாதியில் நின்றால் டெபாசிட்டும் போகும், நகையும் போகும். திங்கட்கிழமை மைக்செட் அவனை என் கடை வாசலில் பிடித்தார்.

“கண்ணு, அந்த எடத்துல அடியில ஊத்து இருக்குது. அஸ்திவாரம் நொம்ப ஆழம் போவோணும். நான் ஒரு லட்சம் போட்டிருக்கறேன். அதுக்குக் கொறஞ்சு போடாதே சாமி.”

முருகேசன் சிரித்தான். “ஏனுங்கண்ணா, நேத்து வந்த பையன்னு பாக்கறீங்களா? நீங்க லட்சமுன்னா தொண்ணூறு. நான் எம்பத்தஞ்சுங்க!”

“எம்பத்தஞ்சுல ஊத்துத் தண்ணியத்தான் எறைக்கலாம்! செவுத்த யாரு கட்டறது?”

“பாத்துக்கறனுங்கண்ணா.” குடையை விரித்துக்கொண்டு போய்விட்டான். மைக்செட் என்னைப் பார்த்தார். நான் டைப்ரைட்டரைப் பார்த்தேன்.

மறுநாள் டீக்கடையில் முருகேசன் உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்து வந்து முழங்கினார். “ஏனுங்க! கிளியூர்ச் செவுத்துக்கு மறுக்காக் கணக்குப் பாத்தனுங்க! ஒரு லட்சத்திப் பதினேழாயிரம்! பைசா கொறையாதுங்க!”

டீ குடித்துக்கொண்டிருந்த எனக்குப் புரை ஏறியது. நான் டைப் அடித்த தாளில் இருந்தது ஒரு லட்சம். எதிர் பெஞ்சில் முருகேசனின் உதடுகள் அசைந்தன. பத்தில் ஒன்று கழித்து, இன்னும் ஐயாயிரம் இறக்கி... நானும் போட்டுப் பார்த்தேன். ஒரு லட்சத்துக்குச் சில நூறு மேலே வந்தது. டயரியில் அந்த வரியை எழுதியது அன்றுதான்.

வியாழக்கிழமை கவர்களைப் பிரித்தார்கள். சேலத்துக்காரர் ஒருவர் லாரி வாடகைக்குப் பயந்து தொகையை எங்கேயோ ஏற்றிப் போட்டிருந்தார். மைக்செட்டின் தாளைத் தொகையைப் படிக்காமலே தள்ளிவிட்டார்கள். அதில் கையெழுத்து இல்லை. ஈரச் சிமெண்டைக்கூட விடாத மனிதர்! வேலை முருகேசனுக்குக் கிடைத்தது. ஊற்றோடு மல்லுக்கட்டிச் சுவரை எழுப்பினான், நகையை மீட்டான், “மைக்செட் அண்ணனையே மடக்கிட்டனுங்க” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். மைக்செட் அவனைவிடச் சத்தமாக ஆமோதித்தார்: “ஆமாங்க! நல்லா ஏமாந்துட்டனுங்க!” இதைப் பொய்யில் சேர்ப்பதா என்று முடிவுக்கு வர முடியாமல் டயரியில் ஏற்றவில்லை.

சுவர் முடிந்த பிறகு ஒருநாள் பஸ் நிலையத்தில் கேட்டே விட்டேன். “ஏனுங்க, கையெழுத்த மறந்துட்டீங்களா, வேணுமுன்னே விட்டுட்டீங்களா?”

அவர் என் தோளில் கை வைத்து, குனிந்து, மெல்ல ஏதோ சொன்னார். அவர் மெல்லப் பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சரியாக அப்போது சேலம் பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியதில் ஒரு சொல்லும் காதில் விழவில்லை. மறந்தாரா, விட்டாரா என்பதை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை. அன்று அவர் முகத்தில் இருந்த நிறைவைப் பார்த்த பிறகு, மறுபடி கேட்க மனமும் வரவில்லை.